லாக் இருந்தா ரவுடி கத்தியா?

ஸ்டாம்ப் சேக்கிறேன்னு சொன்னா "ஓ, நல்ல ஹாபி"ம்பாங்க. பழைய காசு சேக்கிறேன்னா "எங்க வீட்லகூட ஒரு ஓட்டைக் காலணா கிடக்கு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. பழைய மடக்குக் கத்தி சேக்கிறேன்னு சொல்லிப் பாருங்க. ஒரு செகண்ட் அமைதி. அடுத்த கேள்வி கத்தியைப் பத்தி இருக்காது. "எந்த ஏரியா நீ?" ராயபுரம்னு சொன்னதும் ஒரு சிரிப்பு, "அதானே பார்த்தேன்". கூடவே "எவனைப் போடப் போறே மச்சி?"ன்னு ஒரு ஜோக். மூணு வருஷமா அதே ஜோக். எங்க கிளாஸ்லயே ஒருத்தன் பத்து ஐட்டம் வச்ச சுவிஸ் கத்தியை சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டுத் திரியறான். அவன் வீடு அண்ணா நகர், அதனால அவன் டிரெக்கிங் பார்ட்டி. அதே நீளத்துல என் கையில இருந்தா அதுக்குப் பேரு "பொருள்".

முன்கூட்டியே சொல்லிடறேன், நான் பிளேடு போடப் போறேன், ரெண்டு அர்த்தத்துலயும் :-) பொறுத்துக்கிட்டுப் படிங்க.

மடக்குக் கத்தியில ரெண்டு ஜாதி. ஒண்ணு லாக் இல்லாதது, இன்னொண்ணு லாக் உள்ளது. லாக் இல்லாததை ஸ்லிப் ஜாயிண்ட்னு சொல்லுவாங்க. பேனாக்கத்தி, சுவிஸ் ஆபீசர் கத்தி (1897) எல்லாம் இந்த வகைதான். பிடியோட முதுகுல ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அது பிளேடோட அடிப்பாகத்தை அழுத்திக்கிட்டே இருக்கும், அதனால பிளேடு திறந்த நிலையில நிக்கும். ஆனா அது வெறும் அழுத்தம், பூட்டு இல்ல. பிளேடோட முதுகுப் பக்கம் கொஞ்சம் பலமா தள்ளினா மடங்கிடும். மடங்குற வழியில என்ன இருக்குன்னு உங்க கையைப் பாருங்க. நாலு விரல் இருக்கு.

தார்ப்பாயில ஓட்டை போடறப்போ முனை மாட்டிக்கும். இழுப்பீங்க, வராது, லேசா கோணலாத் திருப்புவீங்க. அந்த செகண்ட்ல கத்தி மூடிக்கும். எங்க தாத்தா ஹார்பர்ல வேலை பார்த்தவர், கன்டெய்னர் டெர்மினல் வர்றதுக்கு (1983) முந்தின காலம். எல்லாம் மூட்டை, சணல், கயிறு. அவர்கிட்ட இருந்தது பிரிட்டிஷ் பட்டாளத்துக் கத்தி, டிஸ்போசல்ல வாங்கினது. கறுப்புப் பிடி, கயிறு முடிச்சு பிரிக்கிற கூர்ஊசி ஒண்ணு பின்னாடி, பிளேட்ல அரசாங்க அம்புக்குறி முத்திரை. அந்தக் கத்தியோட பிளேடுக்கு முனையே கிடையாது. ஆட்டுக் குளம்பு மாதிரி மொட்டையா முடியும். ஆடற கப்பல்ல தடுமாறி விழுந்தா யாரையும் குத்திடக் கூடாதுன்னுதான் மாலுமிக் கத்திக்கு அந்த வடிவம். குத்துறதைப் பத்தி அவ்வளவு யோசிச்சவங்க லாக்கைப் பத்தி யோசிக்கல. அது ஸ்லிப் ஜாயிண்ட். தாத்தாவோட வலது ஆள்காட்டி விரல் ரெண்டாவது கணுவுல மடங்கவே மடங்காது, நரம்பு அறுந்து ஒட்டினது. யாரும் வெட்டல, அவர் கத்தியேதான்.

லாக் எதுக்குன்னு கேட்டா நான் அந்த விரலைத்தான் சொல்லுவேன்.

உலகத்துல இருக்கிற லாக் டிசைன் எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு தொழிலாளி விரலுக்குச் சொன்ன பதில் மாதிரி இருக்கும். பிரான்ஸ்ல சவாய் மலைப் பக்கம் 1890-ல ஜோசப் ஒபினெல் செஞ்ச விவசாயிக் கத்திக்கு லாக் கிடையாது. மரப் பிடி, ஒரு ஆணி, அவ்வளவுதான். 1955-ல மார்செல் ஒபினெல் அதுல ஒரு இரும்பு வளையத்தைச் சேர்த்தார். கட்டை விரலால வளையத்தைத் திருப்பினா பிளேடு திரும்பி வர்ற வழி அடைபட்டுடும். இதைவிட எளிமையான ஒரு பூட்டை நான் பார்த்ததில்ல. 1964-ல அமெரிக்காவுல வந்த பக் 110-ல முதுகு ஸ்பிரிங்கே கொக்கி மாதிரி பிளேட்ல இருக்கிற பள்ளத்துல விழுந்து பிடிச்சுக்கும். வேட்டைக்காரங்களுக்காகச் செஞ்சது, லாரி டிரைவர்ல இருந்து கொத்தனார் வரைக்கும் இடுப்புல மாட்டிக்கிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லைனர் லாக். பிடிக்கு உள்ளே ரெண்டு பக்கமும் பித்தளைத் தகடு இருக்குமில்லையா, அதுல ஒண்ணைக் கொஞ்சம் வளைச்சு ஸ்பிரிங் ஆக்கிடுவாங்க. பிளேடு முழுசாத் திறந்ததும் அந்தத் தகடு உள்ளே நகர்ந்து பிளேடோட குதிகாலுக்குப் பின்னாடி முட்டுக் கொடுத்து நின்னுக்கும். மூடணும்னா தகட்டைப் பக்கவாட்டுல தள்ளணும். 1980-கள்ல மைக்கேல் வாக்கர்ங்கிற அமெரிக்கர் இதை மெருகேத்தினதுல இருந்து விலை உயர்ந்த கத்தியெல்லாம் இதே டிசைன்தான். ஆனா இதோட காப்புரிமை 1906-லேயே இருக்கு. ரொம்ப காலத்துக்கு இது யாரோட கத்தியா இருந்துச்சுன்னா, எலக்ட்ரீஷியனோடது. அமெரிக்க ராணுவத்தோட தந்தி, டெலிபோன் லைன்மேன்களுக்குக் கொடுத்த டி.எல்-29-ல ரெண்டே ஐட்டம். ஒரு கத்தி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். இதுல கத்திக்கு லாக் கிடையாது. லாக் இருக்கிறது ஸ்க்ரூ டிரைவருக்கு! திருகும்போது மடங்கி விரலை நசுக்கக் கூடாதுன்னு.

இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இப்போ நம்ம நாட்டுச் சரக்கு. உத்தரப் பிரதேசத்துல ராம்பூர். ஹிந்திப் பட வில்லன்கள் புண்ணியத்துல உலகப் புகழ். அந்த ஊர்க் கத்தியில ஒரு வகை, திறக்கும்போது "கட கட கட"ன்னு சத்தம் வரும். ஸ்பெயின்ல நவாஹாங்கிற மடக்குக் கத்தியிலயும் இதே சத்தம் உண்டு. எதிராளியை பயமுறுத்தறதுக்குத்தான் அந்தச் சத்தம்னு சொல்லாத ஆள் கிடையாது. உண்மையில அது பல்சக்கரம். பிளேடோட அடியில வரிசையாப் பல்லு வெட்டியிருக்கும், ஸ்பிரிங் ஒவ்வொரு பல்லுலயும் விழுந்து விழுந்து பிடிக்கும். பாதி திறந்த நிலையில கை வழுக்கினாக்கூட அடுத்த பல்லுல நின்னுடும், விரல் வரைக்கும் வராது. நம்மாளுங்க சினிமாவுல கேக்கிற அந்த மரண சங்கீதம் ஒரு சேப்டி கேட்ச் வேலை செய்யற சத்தம்.

சட்டம் அதை எப்படிப் பார்க்குதுன்னு பாருங்க. டெல்லியில 1980 அக்டோபர்ல ஒரு அறிவிக்கை போட்டாங்க. ஸ்பிரிங் கத்தி, கராரிதார் (அதாவது பல்சக்கரம் வச்சது), பட்டன்தார், அப்புறம் வேற எந்த இயந்திர அமைப்பாலயும் திறக்கிற மூடுற கத்தி. பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதுக்கு மேல இருந்தா ஆயுதச் சட்டக் கேஸ். ஜேப்படிக்காரன்னு சந்தேகப்பட்டுப் பிடிச்சவன் பாக்கெட்டுல இருந்து ஒரு "பட்டன்தார்" எடுத்தோம்னு எழுதறது அப்புறம் டெல்லி எப்.ஐ.ஆர்.கள்ல வழக்கமாயிடுச்சு. 2025-ல அப்படி ஒரு கேஸை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணினது. அந்த அறிவிக்கை பேசறது தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காக வச்சிருக்கிறது பத்தி. இந்த ஆள் விக்கிறதுக்காக வச்சிருந்தான்னு குற்றப்பத்திரிகையில எங்கேயும் சொல்லலியேன்னு. 45 வருஷம் ஆச்சு அதை யாராவது ஒழுங்காப் படிக்க! இடையில 2023-ல ராம்பூர்ல 20 அடி உயரத்துக்கு அதே கத்தியைச் சிலையா நிறுத்தி அந்த இடத்துக்கு சாக்கு சவுக்னு பேரும் வச்சாங்க. ராம்பூர்ல இருந்து டெல்லி 200 கிலோமீட்டர்கூட இல்ல. ஒரு ஊர்ல சுற்றுலாத் தலம், அடுத்த ஊர்ல ரிமாண்ட்.

இங்கிலாந்துக்காரன் இன்னும் ஒரு படி மேல. அங்கே 1988 சட்டப்படி 3 இஞ்ச் வரைக்கும் மடக்குப் பாக்கெட் கத்தி யார் வேணா வச்சிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. 1993-ல கோர்ட் ஒரு விளக்கம் கொடுத்துச்சு. லாக் உள்ள கத்தி "மடக்குக் கத்தி" ஆகாதாம், ஏன்னா எந்த நேரத்துலயும் சும்மா மடக்கினா மடங்கணுமாம். அதாவது உன் விரலை வெட்டக்கூடிய கத்தி சட்டப்படி ஓகே, வெட்டாத கத்திக்குக் காரணம் சொல்லணும். சேப்டி ஹெல்மெட் போட்டவனை மட்டும் மடக்கி "எங்கே சண்டைக்குப் போறே?"ன்னு கேக்கிற மாதிரி.

"லாக் இருந்தா குத்த வசதி, அதனாலதான்"ன்னு சொல்லுவீங்க. தெரியும். அதையும் பேசிடுவோம். லாக்கோட அதிகபட்ச சாதனை என்ன? ஒரு மடக்குக் கத்தியைக் கொஞ்ச நேரத்துக்கு மடங்காத கத்தி ஆக்குது. மடங்காத கத்தி உங்க வீட்டுச் சமையல்கட்டுல தக்காளிக்குப் பக்கத்துல இருக்கு. அது எப்பவுமே லாக் போட்டபடிதான் இருக்கு. கெடுதல் பண்ண நினைக்கிறவன் எதுக்கு 100 வருஷப் பழைய ஷெபீல்டு கத்தியைத் தேடி காயலான் கடை காயலான் கடையா அலையணும்?

நம்ம ஊர் ரவுடிகளே இதுக்கு சாட்சி. 2018 பிப்ரவரியில மலையம்பாக்கத்துல ஒரு ரவுடி பர்த்டே பார்ட்டியில கேக் வெட்டினது நாடே பார்த்துச்சு, போலீஸ் ஒரே ராத்திரியில 70 பேருக்கு மேல அள்ளிட்டுப் போனாங்க. கேக் வெட்டினது எதால? நீளமான அரிவாளால. 2019 ஜூலையில அரும்பாக்கத்துல பட்டப்பகல்ல பஸ்ஸை நிறுத்தி ஸ்டூடண்ட்ஸ் ஸ்டூடண்ட்ஸையே வெட்டினாங்களே, கையில இருந்தது பட்டாக்கத்தி. மடக்கவும் முடியாது, பாக்கெட்டுல வைக்கவும் முடியாது. ஒரு பேனாக்கத்தி எந்த ரூட்டுக்கும் தல ஆனதா சரித்திரம் இல்ல.

ஆனா இப்படி நடக்கிறது நமக்கு மட்டும் புதுசில்ல. பெரிய கத்தி கொலை பண்ணும், சின்னக் கத்தி தண்டனை அனுபவிக்கும். ஜப்பான்ல ஹிகோனோகாமின்னு ஒரு மடக்குக் கத்தி. மிக்கி நகரத்துப் பட்டறைகள்ல 1890-கள்ல இருந்து செய்யறாங்க. அதுல ஸ்பிரிங் கிடையாது, லாக்கும் கிடையாது, பின்னாடி ஒரு வால் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும், அதைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கணும். ஸ்கூல் பிள்ளைங்க பென்சில் சீவுறது அதுலதான். 1960 அக்டோபர் 12, டோக்கியோவுல சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை மேடையிலயே 17 வயசுப் பையன் ஒருத்தன் குத்திக் கொன்னான். அவன் கையில இருந்தது குட்டை வாள், சாமுராய் காலத்து ரகம். அதுக்கப்புறம் நாடு முழுக்க ஒரு இயக்கம், பிள்ளைங்க கையில கூரான எதையும் கொடுக்காதேன்னு. வாளுக்கு ஒண்ணும் ஆகல. பென்சில் சீவுற கத்தி ஒழிஞ்சுது, பட்டறைகள் ஒண்ணொண்ணா மூடினாங்க. இன்னிக்கு அந்தப் பேரைப் போட்டு விக்கிற உரிமை உள்ள பட்டறை ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல 1950-கள்ல சினிமாவுலயும் பத்திரிகையிலயும் பட்டன் கத்தியைக் காட்டிக் காட்டி பயமுறுத்தி 1958-ல சட்டமே போட்டாங்க, அது தனிக் கதை.

நம்ம சினிமாவையும் சொல்லணும். "மெட்ராஸ்" (2014), "வட சென்னை" (2018) மாதிரி படங்களை நான் குறை சொல்லல, அதுல எங்க ஏரியா ஜனங்க இருக்காங்க. அதைப் பார்த்துட்டு வர்ற நாப்பது படத்துல ஜனங்க இல்ல, கத்தி மட்டும் இருக்கு. ஹார்பர் கிரேன் ஒரு ஷாட், காசிமேடு போட்டு ஒரு ஷாட், அடுத்த ஷாட்ல சதக். எண்ணூர்ல லாரி செய்யறாங்க, திருவொற்றியூர்ல டயரும் புல்லட்டும் செஞ்சாங்க, தென்னிந்தியாவுல முதல் ரயிலே 1856-ல ராயபுரத்துல இருந்துதான் கிளம்புச்சு. இவ்வளவு இரும்பைக் கையாண்ட ஏரியாவுல ஒருத்தன் கையில கத்தி இருந்தா அது வேலைக்கா இருக்கும்னு தோணவே தோணாதா? டி.எச். ரோட்டுல நிக்கிற டிரெய்லர் டிரைவர் கயிறு அறுக்கணும், பேக்கிங் பட்டையை வெட்டணும். வலை பின்னுறவர் நூல் அறுக்கணும். வயர்மேன் வயர் சீவணும்.

சட்டத்துக்கும் தோணல. 1959 ஆயுதச் சட்டத்துல "ஆயுதம்"னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செஞ்ச பொருளை அதுல விட்டுட்டாங்க. உதாரணமா என்ன சொல்றாங்க தெரியுமா? லத்தி! லத்தி சட்டப்படி வீட்டு உபயோகப் பொருள், மக்களே. அடி வாங்கினவங்க இதை ஆற அமரப் படிச்சுப் பாருங்க. விதிகளுக்கு வந்தா அளவு வருது. 9 இஞ்ச்சுக்கு மேல நீளம் அல்லது 2 இஞ்ச்சுக்கு மேல அகலம் உள்ள பிளேடு. வீட்டு வேலை, விவசாயத்தோட விஞ்ஞானம், தொழிற்சாலைக்கான கத்திகளையும் அதுல விலக்கி வச்சிருக்காங்க. விதி எழுதினவருக்கு ஞாபகம் வந்த பாக்டரி சட்டம் எழுதினவருக்கு வரல. நான் சேக்கிற எந்தக் கத்தியும் இதுல பாதி நீளம்கூடக் கிடையாது. சரி, இது பழைய சட்டம்னு வைங்க. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க ரவுடி வேட்டை நடத்தினப்போ கத்தி, அரிவாள் செய்யற பட்டறைக்கும் விக்கிற கடைக்கும் ஒரு உத்தரவு வந்துச்சு. வாங்கறவன் பேர், அட்ரஸ், போன் நம்பர் எழுதி வை. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் தவிர வேற எதுக்கும் விக்காதே. மறுபடியும் வயலும் வீடும்! (ரேடியோ நிகழ்ச்சி இல்ல.) வார்ஃபும் வொர்க்‌ஷாப்பும் திரும்பவும் காணோம்.

இதெல்லாம் பேப்பர்ல இருக்கிற வரைக்கும் நானும் வரிந்து கட்டிக்கிட்டு வந்திருக்க மாட்டேன். போன வருஷம் ஒரு காயலான் கடையில பழைய கப்பல் சாமானுங்களுக்கு நடுவுல ஒரு டி.எல்-29 கிடைச்சுது. 150 ரூபா கேட்டார், பேரம்கூடப் பேசல. துரு ஏறி செங்கல் மாதிரி இருந்துச்சு. மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, பிராசோ போட்டுத் தேய்ச்சு, பத்து நாள் வேலை. கிளாஸ்மேட் ஒருத்தனுக்குக் காட்ட எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்பி வர்றப்போ ராத்திரி செக்கிங். வண்டியை ஓரம் கட்டச் சொன்னாங்க, பையைத் திறக்கச் சொன்னாங்க.

"என்னடா இது?"

"பழைய எலக்ட்ரீஷியன் கத்தி சார். சேக்கிறேன்."

"என்ன பண்றே?"

"பி.காம். சார்."

"பி.காமுக்கு எதுக்குடா எலக்ட்ரீஷியன் கத்தி? எந்த ஏரியா?"

சொன்னேன். முகம் மாறினது தெரிஞ்சுது. பிளேடைத் திறந்து பார்த்தார். மூணு இஞ்ச்கூட வராது, லாக் கிடையாது, தட்டினா மூடிக்கும். அப்புறம் இன்னொண்ணைத் திறந்தார். "டிக்"குன்னு சத்தம் வந்து தகடு உள்ளே விழுந்துச்சு. அழுத்திப் பார்த்தார், மூடல. "லாக்கு வேற வச்சிருக்கியா?"ன்னார். அவர் கையில இருந்தது ஸ்க்ரூ டிரைவர்!

கேஸ் எழுதல. அட்வைஸ் பண்ணி அனுப்பிட்டாங்க. கத்தியைத் திருப்பித் தரல, எடுத்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டும் தரல. நான் காமர்ஸ் ஸ்டூடண்ட். பத்து ரூபா வெளியே போனாக்கூட வவுச்சர் போடணும்னு படிச்சவன். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்கு. அதோட 105-வது பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு சாட்சி கையெழுத்து வாங்கணும். என் கத்தியைக் குற்றப் பொருள்னு நினைச்சா கேஸ் எழுதுங்க, நான் கோர்ட்ல ஸ்க்ரூ டிரைவரைத் திறந்து காட்டிக்கறேன். குற்றம் இல்லேன்னா திருப்பிக் கொடுங்க. ரெண்டும் இல்லாம பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போறதுக்கு எந்தப் பிரிவும் கிடையாது.

போலீஸை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்ல. என் சக சேகரிப்பாளர்களே, உங்களையும் கேக்கணும். ராம்பூரியை வாங்கி, முறைச்சுப் பார்த்துக்கிட்டே "கட கட"ன்னு திறந்து, பின்னாடி ஒரு பி.ஜி.எம். போட்டு ரீல்ஸ் விடறீங்களே, அந்தக் கத்தியில எத்தனை பல்லு இருக்கு, எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு ஒருத்தராவது பார்த்திருப்பீங்களா? நாலு நாள் முன்னாடி வந்த சீனாக்காரன் பட்டாம்பூச்சிக் கத்தியைச் சுழட்டிட்டு "விண்டேஜ் கலெக்‌ஷன்"னு போடறீங்க. ஜோசப் ராட்ஜர்ஸ் நட்சத்திரமும் சிலுவையும் பிளேட்ல உண்மையாவே அடிச்சதா, போலியான்னு லென்ஸ் வச்சுப் பார்க்கிறவன் ரீல்ஸ் போடறதில்ல, போட்டாலும் யாரும் பார்க்கிறதில்ல. செக்கிங்ல நிக்கிற ஏட்டு பார்த்தது உங்க ரீல்ஸைத்தான். அதோட கணக்கு என் தலையில எழுதப்படுது, அண்ணா நகர் டிரெக்கிங் பார்ட்டி தலையில இல்ல.

பாக்கெட்டுல கத்தியோட டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. அவனைக் கேளுங்க, நல்லாக் கேளுங்க. எங்கே, எந்த நேரத்துல, எதுக்கு வச்சிருந்தான்னு கேளுங்க. நான் கேக்கக் கூடாதுங்கிற கேள்விங்க ரெண்டே ரெண்டு. அது எப்படித் திறக்குது? நீ எந்த ஏரியா?

அந்த டி.எல்-29 இப்போ யார் கையில இருக்கோ, அவருக்கு ஒரு வார்த்தை. ஸ்க்ரூ டிரைவரை மூடறப்போ முரட்டுத்தனமா அழுத்தாதீங்க. உள்ளே பித்தளைத் தகடு ஒண்ணு குறுக்கே நிக்கும், அதைக் கட்டை விரலால பக்கவாட்டுல தள்ளினாத்தான் மூடும். கத்திப் பக்கம் லாக் கிடையாது, விரல் ஜாக்கிரதை. மாசத்துக்கு ஒரு தடவை மூட்டுல ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்க, தேங்காய் எண்ணெய் வேணாம், பிசுக்கு பிடிச்சுக்கும்.